அரைத் தக்காளி

அப்பாவுக்கு ஒரு நாளைக்கு அரைத் தக்காளிதான். அதுவும் சின்னதாக இருக்க வேண்டும்.

இது மருத்துவமனையில் உணவு ஆலோசகர் போட்டுக் கொடுத்த கணக்கு. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடும். அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். தக்காளி, இளநீர், வாழைப்பழம், புளி, கீரை என்று அம்மாவின் சமையலில் இருந்த பாதிப் பொருள்கள் அந்தப் பெண்மணியின் பட்டியலில் சிவப்பு மையில் இருந்தன. நட்சத்திரப் பழத்துக்கு மட்டும் இரண்டு கோடு. அறவே கூடாதாம். அப்பா பட்டியலை முழுக்க வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தக்காளி கொஞ்சம்கூட முடியாதா, மிஸி?"

அவர் அப்பாவின் இரத்தப் பரிசோதனை எண்களை மறுபடியும் பார்த்தார். பிறகு, "அரைத் தக்காளி. சின்னதா. வெட்டி வேக வெச்சு, அந்தத் தண்ணிய கொட்டிடணும்" என்றார். அப்பா தலையாட்டினார். பேரம் பேசி ஏதோ ஒன்றைக் காப்பாற்றிவிட்ட முகம் அது.

அம்மா சொன்னபடியே செய்தார். தக்காளியை நறுக்கி, கொதிக்க வைத்து, நீரைத் தொட்டியில் ஊற்றினார். இளஞ்சிவப்பாக ஓடிய அந்த நீரில்தான் தக்காளியே போய்விட்டது என்று எனக்குத் தோன்றும். எஞ்சியதை வெங்காயத்தோடு வதக்கி அப்பாவின் தட்டில் ஓரமாக வைப்பார். ரசம் வீட்டை விட்டே போய்விட்டது. ரசம் என்றால் தண்ணீர், தண்ணீருக்கும் அளவு உண்டு.

அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "தண்ணி" என்பார். மறுநாளும் அதே. அதற்கு அடுத்த நாளும். திட்டுவதில்லை, தட்டைத் தள்ளுவதில்லை. "தண்ணி" என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

"ஒங்கப்பாவுக்கு நாக்கு செத்துப்போச்சுடா" என்றார் அம்மா, அடுப்படியில் என்னிடம் தாழ்ந்த குரலில். டயாலிசிஸ் நிலையத்தில் கேட்டேன். அங்கே பலருக்கும் நாக்கில் இரும்பு ருசி தட்டும் என்றார்கள். இரத்தத்தில் கழிவு ஏறும்போது வாயின் ருசி மாறுவது வழக்கம்தான் என்றார்கள். ஆக, எங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதன் பிறகு அப்பா "தண்ணி" என்றால் நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அந்தப் பார்வையை அப்பாவும் பார்த்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அவர் சொல்வதையே நிறுத்திவிட்டார். அரைத் தக்காளியைப் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போனார்.

அதுதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளன். பெர்லிஸில் நாலு வருடம் படித்துவிட்டு ஈப்போவுக்கே திரும்பி வந்தவன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் அளவு தப்பாக வந்தால் முதலில் அளக்கும் கருவியைச் சந்தேகப்பட வேண்டும். பொருளைக் குறை சொல்லுமுன் கருவியைச் சோதி. அப்பா விஷயத்திலும் அதைத்தான் செய்தோம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நாங்கள் சோதிக்கவில்லை. சந்தேகத்தோடு நிறுத்திக்கொண்டோம். தொழிற்சாலையில் ஒரு வெர்னியர் காலிப்பருக்குக் கொடுக்கும் மரியாதையைக்கூட அப்பாவின் நாக்குக்குக் கொடுக்கவில்லை.

அது நவம்பர் கடைசி. மழை விட்டபாடில்லை.

தக்காளிக்கு ஏது பருவம் என்று நம்மூரில் கேட்கலாம். நமக்குக் குளிர்காலம் கிடையாது, ஆண்டு முழுக்கக் கடையில் தக்காளி கிடைக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் கோடையில் மட்டும் நல்ல தக்காளி தின்றுவிட்டு மற்ற மாதங்களில் ஏங்குவதாக எழுதுவதைப் படிக்கும்போது, அது நம் கவலை இல்லை என்று தோன்றும். உண்மையில் நம் தக்காளிக்கும் பருவம் உண்டு. முதலில் அது மாதத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. ஈப்போவில் வீட்டுக்குப் பின்னால் செடி வைத்தவர்களுக்குத் தெரியும். செடி வளரும், பூக்கும், பூ உதிர்ந்துவிடும். இரவு வெப்பம் இருபதைத் தாண்டிப் போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, காய் பிடிப்பது குறைந்துவிடும். நம் சமவெளியில் இரவிலும் இருபத்து நாலு பாகை. அதனால்தான் நம் தக்காளியில் பெரும்பகுதி கேமரன் மலையிலிருந்து இறங்குகிறது. அங்கே ஆண்டு முழுவதும் இரவு குளிர்கிறது.

ஆனால் அக்டோபர், நவம்பரில் மலையில் மழை உச்சத்துக்குப் போகும். செடிகள் பிளாஸ்டிக் கூரைக்குள் நனையாமல்தான் நிற்கின்றன. வெயில் இல்லையே! இலைக்கு வெளிச்சம் கிடைத்தால்தான் சர்க்கரை. மேகம் மூடிய மாதத்தில் பழம் சிவக்கும், உருண்டு திரண்டு நிற்கும், உள்ளே சரக்கு இருக்காது. விலை மட்டும் ஏறும்.

நான் இணையத்தில் ஒரு பிரிக்ஸ் மானி வாங்கினேன். கைக்கடக்கமான குழல். முனையில் உள்ள கண்ணாடியில் இரண்டு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், சாற்றில் எத்தனை விழுக்காடு கரைந்திருக்கிறது என்று நீலக்கோடு காட்டும். பெரும்பாலும் சர்க்கரை, கொஞ்சம் அமிலமும் உப்பும். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்ளோ குடுத்த?" என்றார். "60 வெள்ளி." "60 வெள்ளிக்கு நல்ல தக்காளியே வாங்கிருக்கலாம்லா."

அதுதானே பிரச்சினை. எங்கே வாங்குவது?

இரண்டு வாரம் தேடினேன். பேரங்காடியில் பளபளவென்று அடுக்கியிருந்தது 3.8 காட்டியது. காலைச் சந்தையில் வழக்கமாக வாங்கும் சீன ஆன்ட்டியின் கடையில் 4.1. காம்போடு கொத்தாக வந்த வெளிநாட்டுத் தக்காளி, கிலோ விலையைப் பார்த்து நானே தயங்கிய ரகம், 4.6. செர்ரி தக்காளி 6.4. மொத்தத்தில் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீரான ஒரு பொருளின் மிச்ச ஐந்து பங்குக்குள்தான் இந்தப் போட்டியெல்லாம்.

பச்சையாகக் கொடுத்துப் பார்க்கலாமா என்று உணவு ஆலோசகரிடம் கேட்டேன். அப்பாவின் அந்த மாத எண்களைப் பார்த்துவிட்டு, அளவைத் தாண்டாவிட்டால் சில நாளைக்குப் பரவாயில்லை என்றார். தொழிற்சாலையில் ஒரு பரிசோதகரைச் சோதிக்கும்போது, ஒரே பொருளை வரிசை மாற்றி இரண்டு மூன்று முறை கொடுப்போம். தனக்கே தெரியாமல் அவர் அதே பதிலைச் சொல்கிறாரா என்று பார்ப்போம். அப்பாவிடமும் அதையே செய்தேன். கண்ணை மூடச் சொல்லி, தாள் கனத்தில் சீவிய துண்டுகள். நாலு வகை, நாலு நாள். மொத்தமும் சேர்ந்து தினம் அரைத் தக்காளிக்குள்.

"என்னடா, பரீட்சையா?" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் எனக்கு முகம் சுருங்கியது.

முதல் நாள் சொன்ன வரிசையையே நாலாம் நாளும் சொன்னார். பேரங்காடி கடைசி. சந்தை அதற்கு மேலே. கொத்துத் தக்காளி அதற்கும் மேலே. செர்ரியை மட்டும் அவர் வரிசையில் சேர்க்கவில்லை. "இனிக்குது. ஆனா இது தக்காளி இல்ல, பழம்" என்று ஒதுக்கி வைத்தார். என் மானியில் 6.4 வாங்கியதை அப்பாவின் நாக்கு ஆட்டத்திலிருந்தே விலக்கிவிட்டது.

அடுத்தது எனக்கே தெரியாமல் நடந்த சோதனை. சந்தையில் வாங்கிய ஆறில் மூன்றை அம்மா ஐஸ்பெட்டியில் வைத்திருந்தார். மற்ற மூன்று மேசை மேல் கிடந்தன. ஒரு வாரம் கழித்து இரண்டையும் சீவினேன். மானியில் இரண்டுமே 4.2. அப்பா ஒன்றைத் தின்று மென்றார். மற்றதை வாயில் வைத்ததும், "இது செத்தது" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்பா. ஒரே கடை."

"ஒரே கடைதான். இது செத்தது."

அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹாரி க்ளீ என்பவரின் குழு 2016-இல் இதையே ஆராய்ந்திருக்கிறது. பழுத்த தக்காளியை 5 பாகைக் குளிரில் ஒரு வாரம் வைத்தால் மணம் தரும் பொருள்கள் பெரிதும் குறைந்துவிடுகின்றன. அவற்றை உண்டாக்கும் மரபணுக்களே குளிரில் அடங்கிப்போகின்றன. வெளியே எடுத்து ஒரு நாள் வைத்தாலும் முழுக்க மீள்வதில்லை. சர்க்கரையும் அமிலமும் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. ஆகவே என் மானிக்கு அந்தச் சாவு தெரிய வழியே இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "நாக்கு நல்லாத்தான் இருக்கு. தக்காளிதான் சரியில்ல." அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ்பெட்டியைத் திறந்து மிச்சத் தக்காளியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

அப்பா இருபத்து மூன்று வருடம் லோரி ஓட்டியவர். கேமரன் மலையிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி. மாலையில் ஏற்றினால் விடியுமுன் இறக்க வேண்டும். சில தவுக்கேமாரின் லோரிகள் ஜொகூர் பாரு தாண்டி சிங்கப்பூருக்கும் போகும். சாலையில் தூக்கம் வராமல் இருக்க வழியெல்லாம் தே தாரிக், கெட்டிப் பால் ஊற்றி. அந்தச் சர்க்கரைதான் முதலில் இரத்தத்துக்கு வந்தது, பிறகு சிறுநீரகத்துக்குப் போனது என்று அப்பாவே சொல்வார். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் தூங்கப் போவார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த நேரம் மிகக் குறைவு.

பரீட்சை முடிந்த வாரத்தில் ஒருநாள் அவராகவே பேசினார்.

"நான் ஏத்துனது எல்லாம் பச்சடா. அடியில லேசா நெறம் திரும்பிருக்கும், அவ்ளோதான். செவந்தத ஏத்துனா தாப்பா எறங்கறதுக்குள்ள அடிக்கூடை சாறா போயிரும். தவுக்கே சம்பளத்துல புடிப்பான்."

தக்காளி பறித்த பிறகும் பழுக்கும். எத்திலின் என்ற வாயுவைத் தானே வெளியிட்டுத் தானே சிவக்கும். நிறம் வரும், மென்மை வரும். ஆனால் செடியிலிருந்து வர வேண்டிய சர்க்கரை காம்பு அறுந்த நொடியில் நின்றுவிடும். அப்பா ஓட்டியது கிட்டத்தட்ட பயணத்திலேயே சிவக்கும் ஒரு சரக்கை.

விதையிலும் விஷயம் இருக்கிறது. பழைய ரகங்களில் காயின் தோள்பகுதி கரும்பச்சையாக இருக்கும். பழுத்தாலும் அந்த இடம் சீராகச் சிவக்காது. சந்தைக்கு ஒரே நிறம் வேண்டும் என்று சுமார் எழுபது ஆண்டுகளாகச் சீராகச் சிவக்கும் ரகங்களையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 2012-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, அந்தச் சீரான நிறத்துக்காக இழந்தது என்ன என்று காட்டியது. காய்க்குள் பச்சையத்தைப் பெருக்கி, காய் தனக்குத் தானே சர்க்கரை செய்துகொள்ள உதவும் ஒரு மரபணு, அந்த ரகங்களில் செயலிழந்து கிடக்கிறது. யாரும் சுவையைக் கெடுக்க நினைத்துச் செய்ததில்லை. நிறத்தைக் கேட்டார்கள், நிறம் கிடைத்தது.

தரக்கட்டுப்பாட்டில் இருப்பவனுக்கு இது புரியாமல் இருக்காது. வரைவுப் பட்டியலில் எழுதியதைத்தான் எல்லாரும் அளப்பார்கள். அளக்காதது மெல்லத் தேய்ந்துகொண்டே போகும், யார் கண்ணிலும் படாது. தக்காளியின் பட்டியலில் எடை இருந்தது, நிறம் இருந்தது, அடிபடாத உறுதி இருந்தது. அப்பாவின் லோரியும் அந்தப் பட்டியலில் ஒரு வரி.

"அப்ப நம்ம வீட்டுல நல்லா இருந்துச்சேப்பா, சின்ன வயசுல?" என்றேன். எனக்கு அந்தச் சட்னி நினைவிருக்கிறது. தோசைக்கு அம்மா அரைப்பது. புளியே போட மாட்டார்.

"அது தோட்டத்துல ஒதுக்குனது. வெடிச்சது, ரொம்ப பழுத்தது. லோரியில போகாது. கீழ கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு சீட்டுக்குப் பக்கத்துல வெச்சு எடுத்தாருவேன்."

நாங்கள் நன்றாகச் சாப்பிட்டதெல்லாம் கழிவு. இத்தனை வருடம் எனக்கு இது தெரியாது.

திங்கள், புதன், வெள்ளி அப்பாவுக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நான்தான் கூட்டிப்போனேன். இயந்திரத் திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அதில் ஒன்று, உள்ளே போகும் கரைசலின் மின்கடத்துதிறன். 14 மில்லி சீமென்ஸ். கரைசலில் உப்புகள் சரியான அளவில் இருக்கின்றனவா என்பதை அதை வைத்தே இயந்திரம் தெரிந்துகொள்கிறது. "ஞாயித்துக்கிழமை மலைக்குப் போலாமாப்பா?" என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் கேட்டேன். குழாய் செருகிய இடது கையை அசைக்காமல், தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். "சிம்பாங் பூலாய் பக்கமா போ. தாப்பா ரோட்டுல வளைவு ஜாஸ்தி, எனக்கு இப்ப தலை சுத்தும்."

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். தூறல். அப்பா முன்சீட்டில். ஒவ்வொரு வளைவுக்கும் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்ததைக் கவனித்தேன். "மூணாவது கியர்ல போ" என்றார் ஓரிடத்தில். என்னுடையது ஆட்டோ காடி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கம்போங் ராஜாவை நெருங்கும்போது மலைச்சரிவுகள் முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகள், படிப்படியாக. அவற்றில் ஒன்றில், அப்பா முன்பு சரக்கு ஏற்றிய தோட்டம். தோட்டக்காரர் அப்பாவைவிட மூத்தவர், மலையிலேயே பிறந்தவர். ஏழு வருடம் கழித்துப் பார்க்கிறார்கள். அவருடைய கண் அப்பாவின் இடது கையில் புடைத்து நிற்கும் நரம்பில் ஒரு நொடி நின்றது. எதுவும் கேட்கவில்லை.

"சாப்புட்டியாடா? எளைச்சுப்போய்ட்ட."

"சாப்புட்டேன், அண்ணே. பையன் ஒங்க தக்காளிய பாக்கணும்னான்."

மண்ணில் நட்ட செடியே இல்லை. தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு செடி, ஒவ்வொரு செடிக்கும் ஒரு மெல்லிய குழாய். தொட்டியில் உரத்தைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருந்தது. திரையில் 2.6. பக்கத்தில் அதே அலகு. மில்லி சீமென்ஸ்.

நான் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். "நம்ம மிஷின்ல உள்ளதுதானே?" என்றார். ஆமாம், அதுவேதான். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்ற அதே கேள்வி.

பெரியவரிடம் கேட்டேன், இந்த எண்ணை ஏற்றினால் பழம் இனிக்குமாமே என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சிருக்க போல. இனிக்கும். உப்பு ஏறுனா செடிக்குத் தண்ணி இழுக்கறது கஷ்டம். பழம் சின்னதாயிரும், கெட்டியாயிரும், ருசி ஏறும். எடை?" கையை விரித்தார். "எனக்கு எவன் இனிப்புக்குக் காசு குடுக்குறான், தம்பி? கிலோவுக்குத்தான் குடுக்குறான்."

பிறகு அவரே சொன்னார்: "காய் புடிச்சதும் பொட்டாஷ் ஏத்தணும். அதுலதான் நெறம், ருசி எல்லாம்."

நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்துக்கொண்டோம். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார், ரொம்ப நாளைக்குப் பிறகு. "பாத்தியா? எனக்கு எது வெஷமோ அதுலதான் ருசி இருக்கு." பெரியவருக்கு விளங்கவில்லை. அப்பா விளக்கினார். மூன்று நாள், நாலு மணி நேரம், அரைத் தக்காளி. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், "அரைன்னா அது தக்காளியா இருக்கணும்ல" என்றார். நான் இரண்டு வாரமாகச் சொல்லத் தெரியாமல் இருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

எங்களை உள்ளே கூட்டிப்போனார். கூடையில் அடுக்கிய நல்ல சரக்கைக் கடந்து, ஒரு வரிசையின் கோடிக்கு. கடைசி நாலு செடிகள் மற்றவற்றைவிடக் குட்டையாக, இலை லேசாகச் சுருண்டு நின்றன. "இங்க சொட்டு அடைச்சுக்கிச்சு. பையன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். தண்ணி பாதிதான் வருது." பழங்கள் கோழி முட்டையைவிடச் சின்னவை. சிலவற்றின் அடி கறுத்திருந்தது. நீர் குறைந்தால் சுண்ணாம்புச் சத்து காயின் நுனிக்குப் போய்ச் சேராது, அடி கறுத்துவிடும். தொழிற்சாலை மொழியில் சொன்னால், அந்த நாலு செடியும் பழுது. "இதெல்லாம் சந்தைக்குப் போகாது. எங்க வீட்டு ஆளுங்க அடிச்சுக்கும் இதுக்கு."

அப்பா குனிந்து பார்த்தார். நன்றாகச் சிவந்த, தோளில் மெல்லிய வெடிப்பு விட்ட ஒன்றைத் திருகிப் பறித்தார். காம்பு இருந்த இடத்தை மூக்கருகில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். சட்டையில் துடைத்தார். நான் பேனாக்கத்தியால் இரண்டாக வெட்டி அவர் பங்கைக் கொடுத்தேன்.

மெதுவாகத் தின்றார். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பை உறிஞ்சினார். தக்காளியில் உமாமி என்று சொல்லும் சுவை அந்த இடத்தில்தான் கூடுதல் என்று படித்திருக்கிறேன். அப்பா அதைப் படித்ததில்லை. விரலை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒன் மிஷின் என்னா சொல்லுது?"

என் பங்கிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன். வெளிச்சம் போதவில்லை, கூரைக்கு வெளியே வந்து பிடித்தேன். 7.1.

"அப்ப மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா.

மிச்சத்தை நான் தின்றேன். முதலில் புளிப்பு, நாக்கின் ஓரத்தைக் கிள்ளுகிற புளிப்பு. பிறகு உப்பே போடாத உப்பு. விழுங்கின பிறகுதான் இனிப்பு வந்தது. எங்கள் பழைய வீட்டின் அடுப்படி, காலை ஆறு மணி, லோரிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அப்பா மேசையில் வைக்கும் ஈரமான பிளாஸ்டிக் பை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்தப் பைக்குள் இருந்தது இது.

பெரியவர் பன்னிரண்டு பழம் பறித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "சொட்ட சரி பண்ணாம விட்டு வெக்கிறேன், அடுத்த மாசம் வாங்க" என்றார். அது நடக்காது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவருக்கு ஒவ்வொரு செடியும் காசு.

அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டார். இறக்கத்தில் ஒரு முறை, தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் பாட்டை நிறுத்தியபோது, கண்ணை மூடியபடியே பேசினார்.

"இத்தன வருஷம் எத்தன கூடை ஏத்திருப்பேன். ஒருத்தர்கூட நல்லா இருக்குன்னு சொல்லி நான் கேட்டதில்லடா."

எனக்குப் பதில் தெரியவில்லை. மழை கண்ணாடியில் அடித்தது.

பன்னிரண்டு பழத்தையும் அம்மா அரிசி டப்பா மேல் துணி விரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பினார். ஒன்றுகூட ஐஸ்பெட்டிக்குள் போகவில்லை. தினம் ஒன்றை வெட்டி, பாதி அப்பாவுக்கு, மீதியை நானும் அம்மாவும் பங்கு போட்டோம். வேக வைத்துக் கொட்டவில்லை. ஆலோசகரிடம் மறுபடி கேட்டுக்கொண்டுதான் அப்படிச் செய்தோம். அந்த மாத இறுதி இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் அதன் எல்லைக்குள்ளேயே இருந்தது. இரண்டு பழம் அழுகிப்போனது. பத்து நாளில் எல்லாம் தீர்ந்தது.

பதினொன்றாம் நாள் காலைச் சந்தைத் தக்காளி. மழை இன்னும் விடவில்லை. அம்மா பாதியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அப்பா ஒரு வாய் வைத்தார். எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பல வாரங்களுக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார்.

"தண்ணி."

அம்மா அவர் தட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"ஆமா," என்றார். "தண்ணிதான்."